கருவுற்ற செய்தியை முதலில் யாருக்குச் சொல்வது?

சென்ற மார்கழி மாதத்து மாலைப் பொழுது ஒன்றில், கிழக்கு இலண்டனில் நம்மவர் ஒருவரின் வீட்டு மேல்மாடி அறையில் ஓர் இளம் பெண்ணைச் சந்தித்தேன். அவரும் கணவரும் அந்த ஓர் அறையையே வாடகைக்குப் பெற்று வாழ்கின்றனர். புகலிடக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை. தடித்த கம்பளிச் சட்டைக்குள் மறைத்திருந்த போதிலும் அவருடைய நிலை கண்ணுக்குத் தெரிந்தது. ஏழாவது மாதம்.

“எந்த ஆசுப்பத்திரியில் பதிஞ்சிருக்கிறாய், பிள்ளை?” என்று கேட்டேன்.

“இன்னும் ஓரிடமும் பதியேல்லை, ரீச்சர்.”

“ஏன்?”

“பிள்ளைப்பேற்றுக்கு ஆயிரக்கணக்கில் காசு கேட்பினமாம். கட்டாட்டி ஹோம் ஒபிசுக்கு அறிவிச்சுப் போடுவினமாம். கேஸ் முடியுமட்டும் ஒருதருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு கீழ்வீட்டு அக்கா சொன்னவா.”

கீழ்வீட்டு அக்கா தீய மனம் படைத்தவர் அல்லர். அந்தப் பெண்ணுக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துக் கொடுப்பவரும், குளிருக்குப் போர்வை கொடுத்தவரும் அவர்தான். விசிற் விசாவில் வந்த தம் உறவுப் பெண் ஒருத்திக்கு வைத்தியசாலையிலிருந்து பெருந்தொகைக் கணக்குச் சீட்டு வந்ததை அவர் கண்டிருக்கிறார். ஒருத்திக்கு நேர்ந்ததை எல்லோருக்கும் உரிய சட்டமென்று எண்ணிக் கொண்டார். அன்பினால் சொல்லப்பட்ட அந்த அரை உண்மை, ஒரு தாயையும் வயிற்றிலிருந்த சிசுவையும் ஏழு மாதங்கள் மருத்துவரின் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

மறுநாள் அவரை அழைத்துச் சென்று குடும்ப வைத்தியரிடம் பதிந்தோம். அடுத்து நடந்த பரிசோதனையில் அவருக்குக் கர்ப்பகாலச் சலரோகம் இருப்பது தெரிய வந்தது. குழந்தை நாள் முந்திப் பிறந்தது. இரத்தத்தில் சீனி குறைந்தமையால் சில நாட்கள் விசேட பிரிவில் வைத்துப் பராமரித்தார்கள். இன்று தாயும் மகளும் நலம். மருத்துவிச்சி ஒருவர் அவரைக் கடிந்து கொள்ளவில்லை. “இரண்டு மாதம் முந்தியாவது வந்திருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அவரை விட என்னையே அதிகம் உறுத்திற்று. நம்மிடையே எத்தனை பேர் இன்னும் இப்படி ஒளித்திருக்கிறார்கள் என்ற கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வாசலுக்கு வந்த மருத்துவிச்சி

நம் பெண்கள் ஏன் தாமாகச் சென்று பதிவதில்லை? அச்சம் ஒரு காரணம். பழக்கம் இன்னொரு காரணம். நாம் பிறந்து வளர்ந்த நாட்டில் கருவுற்றவளைத் தேடிக் கொண்டு மருத்துவிச்சி வருவார். 1926 இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பின்னர் நாடெங்கும் பரவிய இம்முறையில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொதுச் சுகாதார மருத்துவிச்சி பொறுப்பாக இருந்தார். எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார் என்பது அவருடைய பதிவேட்டில் இருந்தது. சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, “பிள்ளை, கிளினிக்குக்கு வரேல்லையே?” என்று படலையில் நின்று கேட்பார். வராதவளைத் தேடி மறுபடியும் வருவார். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கிடைக்க வழி செய்வார்.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஏறத்தாழ முப்பது என்ற அளவுக்குக் குறைந்து விட்டது. செல்வம் மிகுந்த நாடாக மாறியதால் இலங்கை இதனை அடையவில்லை. பணம் வாங்காத வைத்தியசாலைகளும், படித்த பெண்களும், படலையில் வந்து நின்ற அந்த மருத்துவிச்சிகளுமே இதற்குக் காரணர். நம் முதியவர்களிற் பலர் 1898 இல் தொடங்கப்பட்ட இணுவில் மக்லியோட் மருத்துவமனையிற் பிறந்தவர்கள். மகப்பேற்றுக்கு மருத்துவமனை செல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. அழைக்காமலே வரும் மருத்துவிச்சிக்கு நாம் பழகிவிட்டோம் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இங்கிலாந்தில் அந்த ஒழுங்கு முதற் படியில் மாறுபடுகிறது. நீங்கள் கருவுற்ற செய்தியை நீங்களே சென்று சொல்லும் வரை யாருக்கும் தெரியாது. படலை திறந்து எவரும் வரமாட்டார்கள். ஆனால் ஒருமுறை பெயரைப் பதிந்து விட்டால், அதன் பின் மருத்துவிச்சியும் வருவார், கடிதமும் வரும், தவணைக்கு வராவிட்டால் விசாரிப்பும் வரும். ஆகவே எல்லாம் அந்த முதற் சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

முதற் சொல்லை எங்கே சொல்வது?

ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் சொல்லலாம். அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவிச்சியிடம் நேரடியாகப் பதிவு கேட்கலாம். முதலாவது சந்திப்பு பத்தாவது வாரத்துக்குள் நடைபெற வேண்டும் என்பது இந்நாட்டின் மருத்துவ நெறி. நாள் தள்ளிப் போனது உறுதியானதும் செல்லுங்கள். மூன்று மாதம் நிரம்பும் வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஊரவருக்குச் சொல்லாதிருக்கலாம். மருத்துவிச்சிக்குச் சொல்லாதிருத்தல் ஆகாது. இரத்தத்தில் தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள் உள்ளனவா என்று பார்க்கும் சோதனைக்கு உகந்த காலமும் அந்த முதற் பத்து வாரங்களே. முதலாவது ஸ்கான் 11 முதல் 14 வாரங்களுக்கிடையிலும், இரண்டாவது 18 முதல் 21 வாரங்களுக்கிடையிலும் எடுக்கப்படும். முதற் பிள்ளையாயின் ஏறத்தாழப் பத்துத் தடவைகளும், அடுத்த பிள்ளைகளுக்கு ஏழு தடவைகளும் மருத்துவிச்சியைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

குடும்ப வைத்தியரிடம் பதிவதற்குக் கடவுச்சீட்டோ, விசாவோ, முகவரிக்கான அத்தாட்சியோ கட்டாயமில்லை. அவை இல்லையென்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை விடுத்துள்ள வழிகாட்டல். வரவேற்பு மேசையில் இருப்பவர் இதனை அறியாதிருக்கவும் கூடும். அவ்வேளை தலை குனிந்து திரும்பி வராது, நிலைய முகாமையாளரைச் சந்திக்க வேண்டுமெனக் கேளுங்கள்.

காசு கேட்பார்களா?

இக்கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்கும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் எவரிடமும் பணம் அறவிடப்படுவதில்லை. வைத்தியசாலையிற் பெறும் மகப்பேற்றுச் சேவையில்தான் வேறுபாடு வருகிறது.

புகலிடம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும், மேன்முறையீடு நடைபெறுபவர்களுக்கும், அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும் மகப்பேற்றுச் சேவை முழுவதும் இலவசம். தொழில் விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து, விண்ணப்பத்தோடு சுகாதார வரியைச் செலுத்தியவர்களுக்கும் அவ்வாறே.

கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்பட்டு, அரசின் உதவிக் கொடுப்பனவும் இல்லாதிருப்போருக்கும், விசா காலம் முடிந்து தங்கியிருப்போருக்கும், பார்வையாளராக வந்தோருக்கும் இங்கிலாந்தில் கட்டணம் விதிக்கப்படலாம். அது சேவையின் வழக்கமான விலையின் ஒன்றரை மடங்காக இருக்கும். 500 பவுணுக்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதங்களுக்கு மேல் கட்டப்படாதிருந்தால் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கப்படலாம் என்பதும் உண்மை. கீழ்வீட்டு அக்காவின் அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

ஆயினும் இதற்கு மேலான ஒரு விதியும் உண்டு. மகப்பேற்றுச் சேவை எப்பொழுதும் உடனடியாக வழங்கப்பட வேண்டிய சிகிச்சையாகவே கொள்ளப்படும். பணம் இல்லை என்பதற்காக அதனை மறுக்கவோ தாமதப்படுத்தவோ எந்த வைத்தியசாலைக்கும் அதிகாரமில்லை. கணக்குச் சீட்டு வந்தால் அதனை மேசை இழுப்பறையில் ஒளித்து வைக்காதீர்கள். தவணை முறையிற் கட்ட ஒழுங்கு கேட்கலாம். உண்மையில் நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியவர்தானா என்பதையும் விசாரிக்கலாம். தவறாக அனுப்பப்படும் சீட்டுகளும் உண்டு. உங்கள் சட்டத்தரணியிடமோ, சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்திலோ, மகப்பேற்று உரிமைகளுக்கென உழைக்கும் மற்றேர்னிற்றி அக்சன் அமைப்பிடமோ ஆலோசனை பெறுங்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் விதிகள் வேறு. அங்கு கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களிடமும் கட்டணம் கேட்பதில்லை.

மொழி என்னும் மதில்

பணத்தை விட உயரமான மதில் மொழி. பல வீடுகளிற் கணவரே மொழிபெயர்ப்பாளர். சில வீடுகளிற் பத்து வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் தாயுடன் கிளினிக்குக்குப் போகிறது. தாய்க்கு இரத்தப் போக்கு எத்தனை நாளாக இருக்கிறது என்பதைப் பத்து வயது மகன் எவ்வாறு கேட்பான், எவ்வாறு சொல்வான்? கணவர் அருகிலிருக்கையில் மனைவி சொல்லத் தயங்கும் விடயங்களும் இருக்கின்றன. முன்னர் நேர்ந்த கருச்சிதைவு, போர்க் காலத்தில் அனுபவித்த கொடுமை, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை ஆகியவற்றை மருத்துவிச்சி தனிமையிற் கேட்க விரும்புவதற்குக் காரணம் இதுவே.

மொழிபெயர்ப்பாளர் உங்களுக்கு உரியவர். அதற்கு நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. நேரில் வராவிட்டால் தொலைபேசி மூலம் ஒழுங்கு செய்வார்கள். தவணை பதியும் போதே, “ஐ நீட் எ ரமில் இன்ரப்பிறிற்றர், பிளீஸ்” என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மனனம் செய்து கொண்டாற் போதும். மொழிபெயர்ப்பாளராக வருபவர் நம் சமூகத்தவர் என்பதால் செய்தி வெளியே போய்விடுமென்று அஞ்சுபவர்களும் உளர். கேட்டதை வெளியிற் சொல்லாதிருப்பது அவருடைய தொழிற் கடமை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால், தொலைபேசியில் வேறு ஊரிலுள்ள ஒருவரைக் கேட்கலாம்.

நம்மவர்க்கு விசேட கவனம்

பிரித்தானியாவில் தாய்மாரின் மரணங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன. 2020 முதல் 2022 வரையான ஆண்டுகளை ஆராய்ந்த அறிக்கை, கறுப்பினத் தாய்மார் வெள்ளையினத் தாய்மாரை விட ஏறத்தாழ மூன்று மடங்கும், ஆசியத் தாய்மார் ஏறத்தாழ இரு மடங்கும் இறக்கும் ஆபத்தை எதிர்நோக்கினர் எனக் காட்டிற்று. வறிய பகுதிகளில் வாழ்வோரின் ஆபத்து, வசதி மிக்க பகுதிகளில் வாழ்வோரின் ஆபத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இத்தகைய மரணங்கள் இந்நாட்டில் மிக அரியவை. எனினும் அந்த அரிய தொகைக்குள் ஏழையும் அந்நியரும் கூடுதலாக இருக்கிறார்கள் என்பது நாம் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி.

தெற்காசியருக்குச் சலரோகம் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே 24 முதல் 28 வாரங்களுக்கிடையில் சீனித் தண்ணீர் குடிக்கச் செய்து இரத்தம் சோதிக்கும் தவணை உங்களுக்குத் தரப்படும். வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமே என்று அதனைத் தவற விடாதீர்கள். சலரோகம் இருப்பதாகக் கண்டால் பிரசவத்தின் பின்னரும் இரத்தம் சோதிப்பித்து, ஆண்டுதோறும் அதனைத் தொடர வேண்டும். பிள்ளை பிறந்ததும் நோய் போய்விட்டதென்று பலரும் கிளினிக்கை மறந்து விடுகின்றனர். பின்னாளில் அது நிரந்தர நோயாக வரக் கூடும்.

போலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் வீதம் பன்னிரண்டாம் வாரம் வரை எடுக்க வேண்டும். ஏற்கனவே சலரோகம் உள்ளவர்களுக்கு அதனிலும் கூடிய அளவு தேவை. அதனை வைத்தியரே எழுதித் தருவார். விற்றமின் டி நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம். ஊரில் வெயில் தந்ததை இங்கே குளிகைதான் தர வேண்டும். கருமை நிறத் தோலும், குளிருக்கு மூடிய உடையும், ஓர் அறை வாழ்க்கையும் சேர்ந்தால் அச்சத்து உடலில் ஊறாது.

சில அறிகுறிகளுக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைதல், இரத்தப் போக்கு, விடாத தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சு நோ, மூச்செடுக்க இயலாமை ஆகியவை தோன்றினால் இரவென்றும் பாராது மகப்பேற்றுப் பிரிவுக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். மூச்செடுக்க இயலாதபோதும் இரத்தம் பெருகும்போதும் 999. “சும்மா தொந்தரவு கொடுக்கிறோமோ” என்ற கூச்சம் நம் பண்பாடு நமக்குத் தந்தது. பிள்ளையின் உயிரை அந்தக் கூச்சத்துக்குப் பலியிட வேண்டாம்.

குறைந்த வருமானம் உள்ளோர் கேட்க வேண்டியவை

மகப்பேற்று விலக்குச் சான்றிதழ் ஒன்றை மருத்துவிச்சி மூலம் பெறலாம். கர்ப்ப காலத்திலும், பிரசவத்தின் பின் ஓராண்டு வரையும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. பல் வைத்தியமும் அக்காலத்தில் இலவசம். புகலிட உதவியில் வாழ்பவர்களுக்கு உரிய எச்.சி.2 சான்றிதழ், வைத்தியசாலைக்குச் சென்று வரும் போக்குவரத்துச் செலவையும் திரும்பப் பெற உதவும். பஸ் காசு இல்லாமல் கிளினிக்கைத் தவற விட்ட பெண்களை நான் அறிவேன்.

புகலிட உதவி பெறும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வாராந்தக் கொடுப்பனவோடு சிறு மேலதிகத் தொகை உண்டு. பிரசவத்தையொட்டி ஒரு தடவை 300 பவுண் மகப்பேற்றுக் கொடுப்பனவும் உண்டு. அதனைத் தாமாகக் கொண்டு வந்து தரமாட்டார்கள். கேட்டுப் பெற வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்று யுனிவேர்சல் கிரெடிற் பெறுவோர் 500 பவுண் மகப்பேற்று நன்கொடைக்கும், வருமானம் குறைவாயின் பாலும் பழமும் மரக்கறியும் வாங்குவதற்கான ஹெல்தி ஸ்ராட் அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 500 பவுண் நன்கொடை பொதுவாக முதற் பிள்ளைக்கே உரியது. எனினும் ஊரிற் பிறந்த பிள்ளைகளுடன் வந்த அகதிகளுக்கு விதிவிலக்கு உண்டு. அதற்கான விண்ணப்பம், பிரசவத்துக்கு 11 வாரங்கள் முன்பிருந்து பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரையிலான காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

பிள்ளை பிறந்த பின்

பிள்ளையின் ஐந்தாம் நாளில் குதிக்காலிற் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பச்சைக் குழந்தையை நோகச் செய்கிறார்களே என்று தடுத்த பாட்டிமார் உண்டு. சில அரிய நோய்களை அந்தச் சில துளிகளே காட்டிக் கொடுக்கின்றன. பின்னர் ஹெல்த் விசிற்றர் எனப்படும் சுகாதாரத் தாதி வீடு தேடி வருவார். அவர் உள்துறை அமைச்சின் ஆள் அல்லர், பிள்ளையைப் பறிக்க வருபவரும் அல்லர். நம் ஊர் மருத்துவிச்சி படலையில் வந்து நின்றது போலவே இவரும் வருகிறார். கதவைத் திறவுங்கள். அவர் குறிப்பெழுதும் சிவப்புப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அரசு உங்களை வேறு நகருக்கு மாற்றினால், உடுபுடவைக்கு முன் அந்தப் புத்தகத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் புதிய வைத்தியரிடம் பதியுங்கள்.

தடுப்பூசிகள் எட்டாம், பன்னிரண்டாம், பதினாறாம் வாரங்களிலும், ஒரு வயதிலும், அதன் பின்னரும் தொடரும். ஒன்றை மட்டும் நம்மவர் தனியாகக் கவனிக்க வேண்டும். ஊரில் பிறந்தவுடனே காசநோய்த் தடுப்பான பி.சி.ஜி. ஊசி ஏற்றி விடுவார்கள். கையிலுள்ள தழும்பு நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போடப்படுவதில்லை. பெற்றோரில் அல்லது பாட்டன் பாட்டியரில் ஒருவர் காசநோய் மிகுந்த நாட்டில் பிறந்தவராயின் அப்பிள்ளைக்கு உரியது. இலங்கையும் இந்தியாவும் அந்நாடுகளில் அடங்கும். பிள்ளைக்கு நாலு வாரம் ஆகும் அளவில் அழைப்பு வராவிட்டால் கேளுங்கள்.

உடலைப் போல மனமும் பராமரிப்பை வேண்டுகிறது. ஊரில் பிள்ளை பெற்றவளைச் சுற்றித் தாயும் மாமியும் சகோதரிமாரும் இருந்தனர். சரக்குக் கறி காய்ச்ச ஒருவர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருவர். இங்கே கணவர் இரவு வேலைக்குப் போன பின் நாலு சுவருக்குள் அவள் தனியே இருக்கிறாள். தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, பிள்ளையைத் தூக்கவும் மனமின்மை ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சோம்பலுமல்ல, கண்ணூறுமல்ல. அது சிகிச்சையால் மாறும் நோய். பிரசவத்தின் ஆறு வாரங்களுக்குப் பின் ஓராண்டு வரையான காலத்தில், மகப்பேற்றோடு நேரடித் தொடர்புடைய தாய் மரணங்களுக்கு இந்நாட்டில் முதன்மைக் காரணமாய் இருப்பது தற்கொலை என்பதை அறிந்தவர்கள், அப்பெண்ணைப் பார்த்து “உனக்கென்ன குறை?” என்று கேட்கமாட்டார்கள்.

ஒரு கேள்வி போதும்

இவற்றையெல்லாம் ஒரு கட்டுரையை வாசித்து எவரும் நினைவில் வைத்திருக்க முடியாது. வைத்திருக்கவும் வேண்டியதில்லை. பதிந்து விட்டால் மற்றவற்றை மருத்துவிச்சி நினைவூட்டுவார். ஆகவே வாசகர்களிடம் ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். உங்கள் வீட்டில், உங்கள் மாடியறையில், நீங்கள் வேலை செய்யும் கடையில், கோயில் வீதியில் கருவுற்ற பெண் ஒருத்தியைக் கண்டால், எத்தனை மாதம் என்று கேட்பதோடு நின்று விடாது, “பதிஞ்சிட்டியோ, பிள்ளை?” என்றும் கேளுங்கள். இல்லையென்றால் மறுநாட் காலையில் அவளோடு கூடச் செல்லுங்கள்.

கீழ்வீட்டு அக்காவிடமும் பின்னர் பேசினேன். நான் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். “எனக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது, ரீச்சர்?” என்றார் இறுதியில். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இந்தப் பக்கத்தை வெட்டி அவருக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.